மொஹாபியின் கல்லறை

— விடியக்காலைல அஞ்சு மணிக்கேவா தோண்டுவீங்க, தம்பி?

— ஆமாம்மா. வெயில் படுறதுக்குள்ள எலும்பை எடுத்துடணும்னு உங்க ஊர்லதான் கேட்டாங்க. எங்க அணை ஆபீஸ்லயும் சரின்னுட்டாங்க.

— இருட்டா இருக்குமே.

— விளக்கு இருக்கு.

— பெரிய விளக்கா?

— மாபுலானேம்மா, எல்லாரும் புது வீடு எங்க, மேய்ச்சல் நிலம் எங்கன்னு கேக்கறாங்க. நீங்க விளக்கைப் பத்திக் கேக்கறீங்க.

— கேட்டா தப்பா?

— இல்ல... உங்க வீட்டுக்காரர் சுரங்கத்துலதானே போனாரு?

— எல்லைக்கு அந்தப் பக்கம், தங்கச் சுரங்கம். பாறை விழுந்துடுச்சு.

— பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?

— ஆணி அடிச்சு வந்த பெட்டியை யாரு திறப்பா? நீ என்ன போலீஸா?

— அணைத் தண்ணி ஊருக்குள்ள ஏறுறதுக்கு முன்னால யாருக்கும் குறை வராம பாத்துக்கணும். அவ்வளவுதான் என் வேலை.

— அப்ப எனக்குக் குறை வைக்காத. மொஹாபியை அங்கயே விட்டுரு. குளிக்கவே சோம்பற மனுஷன். இப்பவாவது நனையட்டும்.

— விடலாம். மேல காங்கிரீட் போட்டு மூடிட்டு வந்துடலாம். ஆனா வீட்டுல எல்லாரும் ஒத்துக்கணும். உங்க பொண்ணு ஒத்துக்கலையே.

— புலானேக்கு என்ன தெரியும்? பொதைக்கிறப்ப என் முதுகுல தூங்கிட்டிருந்தா.

— அதனாலதான் கேக்குது. அப்பா முகம் தெரியாது, எலும்பையாவது பாக்கறேன்னு. நாளைக்குக் குழி ஓரத்துல அதுதான் நிக்கும்.

— எலும்பு மொத்தமா மக்கிப் போகுமா, தம்பி?

— கொஞ்சமாவது இருக்கும்.

— கல்லு?

— என்ன கல்லும்மா?

— ஒண்ணுமில்ல.

— பெட்டியைத் தூக்கினவங்கள்ல உங்க கொழுந்தனும் ஒருத்தர். உசுரோட இருந்தப்ப அண்ணன் இவ்வளவு கனமில்லையேன்னு அன்னிக்கே நினைச்சாராம்.

— குடிச்சா அவனுக்கு வாய் நிக்காது.

— தோண்டறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும்மா.

— அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரத்தான் போனேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அவருக்கு வேற வீடு இருந்துச்சு. ஒருத்தி அவர் சட்டையைத் துவைச்சுட்டிருந்தா. கொடியில அவர் போர்வை... கல்யாணத்துக்கு எங்கப்பா போர்த்திவிட்டது. அதை மட்டும் உருவிட்டு வந்தேன். வழியில பெட்டி வாங்கினேன்.

— உள்ள?

— போர்வை. கனத்துக்கு ஆத்துக்கல்லு.

— பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே.

— அப்பா செத்துட்டாருன்னா ஊரே மாடு வெட்டி அழும். நீ வேண்டாம்னு போயிட்டாருன்னா? அதுக்கு யாரு அழுவா? ... இரு. நீ வந்ததுலேர்ந்து தெரிஞ்ச மாதிரியே கேக்கற.

— இடம் மாத்தப்போற கல்லறைப் பேரையெல்லாம் ரேடியோல வாசிக்கணும்மா. வெளியூர்ல சொந்தக்காரங்க இருந்தா வரட்டும்னு. போன வாரம் தலைநகர் மசேருலேர்ந்து வாசிச்சாங்க.

— வாசிச்சா?

— எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தன் பேரைக் கேட்டிருக்காரு. ஊர் சரி. அப்பா பேரும் சரி. தன்னை யாரு புதைச்சதுன்னு பாக்க வந்துட்டாரு. கீழ என் வண்டில உக்காந்திருக்காரு. நீங்க கூப்பிட்டாத்தான் இறங்குவேங்கறாரு.

— இந்தப் பனியில... போர்வை போர்த்தியிருக்காரா?