காரணம் தெரியவில்லை

அக்கா: ...அதெப்படிண்ணே, எல்லாத்துக்கும் ஒரே பதில்? என் தம்பி துரை என்ன செஞ்சான்? "தன் கையைக் கடித்தான்." அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? "காரணம் தெரியவில்லை." நீங்க எழுதுற சார்ட்டுல பக்கம் பக்கமா இதேதான்.

பராமரிப்பாளர்: தெரியலன்னா அப்படித்தானே எழுத முடியும்.

அக்கா: யாருகிட்ட கதை விடுறீங்க? அவன் தட்டை விட்டெறிஞ்சப்ப, ஃபேன் சத்தம்தான் பிடிக்கலன்னு கண்டுபிடிச்சவர் நீங்க. இந்த இல்லத்துல ஃபேனையே மாத்த வச்சீங்க.

பராமரிப்பாளர்: அது ஃபேன்...

அக்கா: இது?

பராமரிப்பாளர்: ...டீ குடிக்கிறீங்களா?

அக்கா: பேச்சை மாத்தாதீங்க. சாயங்காலம் டாக்டர் காரணமே இல்லாத இந்தச் சார்ட்டைப் பார்த்தா மாத்திரையைக் கூட்டிடுவார். போன தடவை கூட்டினப்ப எப்படிக் கிடந்தான்? நரைச்ச தாடியோட ஒரு ஆம்பளை, சிரிப்பே இல்லாம, வாயோரம் எச்சில் வழிய...

பராமரிப்பாளர்: தெரியும்மா. நான்தானே துடைச்சேன்.

அக்கா: அப்புறம் ஏண்ணே... இருங்க. திங்கள். இதுவும் திங்கள். இதுவும்...

பராமரிப்பாளர்: அது உங்க கண்ணுல படக் கூடாதுன்னு பார்த்தேன்.

அக்கா: ஞாயித்துக்கிழமைதான் நான் வந்துட்டுப் போறேன். அப்ப நான் வர்றதாலதான் கடிச்சுக்கிறானா? சரி... இனிமே வரல.

பராமரிப்பாளர்: பாத்தீங்களா? இப்படிச் சொல்லிடுவீங்கன்னுதான் எழுதல. அவன் வாரம் பூரா உங்களுக்காகத்தான் இருக்கான். நீங்க வர்றது காரணம் இல்லம்மா... போகும்போது என்ன சொல்லிட்டுப் போறீங்க? "நாளைக்கு வர்றேன்டா"ன்னு. துரை மறுநாள் விடிஞ்சதும் ஷூவை மாட்டிக்குவான். சாப்பாடு வேண்டாம், குளியல் வேண்டாம். வாசல் கேட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். இருட்டினப்புறம்தான் கை வாய்க்குப் போகும்.

அக்கா: நாளைக்குன்னா அவனுக்குப் புரியாதுன்னு நெனச்சேண்ணே.

பராமரிப்பாளர்: நல்லாப் புரியுது.

அக்கா: ...பேனாவை எடுங்க. அக்காவோட பொய்தான் காரணம்னு எழுதுங்க. மாத்திரை வேண்டாம் அவனுக்கு.

பராமரிப்பாளர்: பொய்னு எல்லாம் எழுத மாட்டேன். நீங்க கிளம்பும்போது அவன் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறான். நீங்களும் சமாதானத்துக்குத்தானே சொல்றீங்க.

அக்கா: அவன் உடனே விட்டுடுவாண்ணே. அப்படிச் சொல்லாம என்னாலதான் அந்தக் கேட்டைத் தாண்ட முடியல.