தேவானையின் குழாயில் போனது

சாந்தோமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தே வந்துவிடுவேன், ஐயா. பதினெட்டு வருடத்தில் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒருநாள்கூட சிவப்பு மை விழுந்ததில்லை. மர்சலின் சிஸ்டர் டியூட்டியில் இருந்தால் வார்டில் ஒரு முனகல் கேட்காது என்பார்கள். உண்மைதான். எனக்கு முனகல் ஆகாது.

எழுபத்து மூன்றில் டாக்டர் கஸ்தூரிரங்கன் அந்தப் புது வைத்தியத்தை ஆரம்பித்தார். இரைப்பையில் வந்த புற்று வயிறு முழுக்கப் பரவி நீர் கோத்துக்கொண்டால் கத்தி வைத்துப் பயனில்லை. ரத்தத்தில் ஏற்றுகிற மருந்தை நேராக வயிற்றுக்குள்ளேயே விட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். அடிவயிற்றில் சின்னத் துளை போட்டு ரப்பர் குழாயைச் செருகி, தேங்கிய நீரை வடித்துவிட்டு, உப்புநீரில் கலந்த மருந்தை உள்ளே விடுவார். பிறகு நோயாளியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் படுக்கவைப்போம். மருந்து எல்லா இடத்திலும் பட வேண்டுமே. உள்ளே விடுவது அவர் வேலை, கலந்து தருவது என் வேலை.

முதலில் வந்தவள் தேவானை. மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி விற்றவள். முதல்முறை மருந்து போனதும் நாலு நாள் ஓயாத வாந்தி. "சிஸ்டர்மா, வயித்துல நெருப்பக் கொட்டுன மாதிரி கீது. இந்த வாந்தி மட்டும் நின்னா போதும்மா" என்றாள்.

நிறுத்தினேன்.

அடுத்த வாரம் புட்டியில் இருந்தது வெறும் உப்புநீர். பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான். மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் தேவானை இரண்டு இட்லி சாப்பிட்டாள். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்கு நீ மாதா மாதிரி கீறம்மா" என்றாள். குணமானவர்கள் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். என்னிடம் வெந்நீரும் பெட்பேனும்தான் கேட்பார்கள்.

மூன்றாம் வாரம் டாக்டர் அளவை இரண்டு மடங்காக்கினார். நானும் இரண்டு மடங்கைத் தொட்டியில் ஊற்றினேன்.

"பாத்தேளா சிஸ்டர், ஒரு வாந்தி உண்டா? உடம்பு நன்னா தாங்கறது. அடுத்த ஆளுக்கு எடுத்தவுடனே இதே அளவு குடுத்துடலாம்" என்று சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆள் அக்பர் பாஷா, தியாகராய நகரில் தையல்காரர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், சத்தமே இருக்காது. அவருக்கு டாக்டர் சொன்ன அளவில் ஒரு சொட்டுக் குறையாமல் கலந்து கொடுத்தேன். ஐந்தாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் போய்விட்டார்.

"தேவானைக்கு ஒண்ணும் ஆகலையே சிஸ்டர். இவருக்கு மட்டும் ஏன்?" டாக்டர் இரண்டு பேருடைய சீட்டையும் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி, டாக்டர்" என்றேன். யார் கேட்டாலும் தப்பென்று சொல்ல முடியாத பதில்.

மாசியில் தேவானையும் போனாள். வயிறு மறுபடி பானையாக வீங்கியிருந்தது. கடைசி மூச்சுவரை அவள் என் கையை விடவில்லை. பாஷாவின் சாவுக்காக நீங்கள் நடத்துகிற இந்த விசாரணையில் டாக்டர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் நானே எழுந்து வந்து சொல்கிறேன்.

பாஷாவின் மருந்தை ஏன் மாற்றவில்லை என்கிறீர்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஐயா. வாய்ப்புண்ணால் பேச முடியவில்லை என்பது வேறு விஷயம். கேட்டவர்களுக்கு நான் இல்லையென்று சொன்னதில்லை.

தேவானை பிழைத்திருக்க ஆசைப்பட்டது உங்களுக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். சேர்ந்த அன்றைக்கே, "பங்குனில எம் பொண்ணுக்குப் பிரசவம். அதுவரைக்கும் என்னை எப்படியாச்சும் இழுத்துக்கினு போயிடு நைனா" என்று அழுதாள். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆனால் ஐயா, அதை அவள் டாக்டரிடம்தானே கேட்டாள்.