பிஞ்சு வைத்த பூ

– மாமா, இதையும் காணோம்.

– எதை?

– நேத்து மதியம் பூசணிக்குத் தண்ணி ஊத்தும்போது இந்த இலைக்கு அடியில மொட்டு இருந்துச்சே. பின்னால கோலிகுண்டு மாதிரி பிஞ்சோட... இப்ப காம்பு மட்டும் நிக்குது.

– அணிலா இருக்கும் மருமகளே.

– அணிலுக்கு ஆண் பூ, பெண் பூ வித்தியாசம் தெரியுமா? ஆண் பூ எல்லாம் அப்படியே மஞ்சளா நிக்குது. பிஞ்சு வெச்சது மட்டும்தான் போகுது.

– படிச்ச அணிலோ என்னவோ...

– சிரிக்காதீங்க. உங்க பெரிய பிள்ளை காலையிலயே போன். "பூசணி காய்ச்சுதா, அப்பாவை எப்ப கூட்டிட்டுப் போக வரட்டும்"னு.

– நீ என்ன சொன்னே?

– நான் என்னத்தைச் சொல்ல? ஒரு காய் பறிச்சிட்டு வந்துடறேன்னு வாக்குக் கொடுத்தது நீங்க. கட்டி வெச்ச பெட்டி தூசி தின்னுட்டுக் கிடக்கு.

– அவன் வீடு ஆறாவது மாடி. கைப்பிடி மண்ணு கிடையாது அங்க. அதான்... சரி, அதை விடு. எனக்கு ஒண்ணு புரியலை. முன்னாடி போனது போச்சு. நேத்து போனது எப்படி? நேத்து மூட்டு வலியில நான் இந்த மொட்டை மாடிப் படியே ஏறலையே.

– நீங்க ஏறினா என்ன, ஏறாட்டி என்ன?

– இல்ல... சும்மா சொன்னேன்.

– இருங்க, இருங்க. அன்னிக்கு உங்க நகத்துல பச்சைக் கறை. கேட்டா கீரை கிள்ளினேன்னீங்க. அன்னிக்கு வீட்டுல கீரையே இல்லை.

– ஆமா, கிள்ளினேன். மூணு. போதுமா? நீயும்தான் விடிஞ்சதும் கொடிகிட்ட வந்து நிக்கறே. கிழவன் எப்படா கிளம்புவான்னு...

– அப்படியா நினைச்சீங்க?

– வேற எப்படி நினைக்க? ஆனா மூணுதான். நேத்துது சத்தியமா நான் இல்லை.

– நானும் இல்லை.

– உன்னை யாரு இப்ப கேட்டா? அப்ப மிச்சம் உன் புருஷன்தான். அவனா? அண்ணன்கிட்ட "கூட்டிட்டுப் போ"ன்னு சொன்னதே அவன்தானே!

– சொன்னாருதான். நேத்து வேலை விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம மொட்டை மாடிக்குப் போனாரு. எதுக்குன்னு நானும் யோசிச்சேன்.

– தலை சுத்துது எனக்கு. அவன் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசி எத்தனை நாளாச்சு...

– என்கிட்ட மட்டும் பேசறாரா? வந்தா "சோறு ஆச்சா", படுத்தா "லைட்டை அணை". நீங்களும் போயிட்டா நான் சுவத்துகிட்டயா பேசுவேன்? அதான் மாமா, முன்னாடி போனதுல உங்க மூணு போக மீதியெல்லாம் நான் கிள்ளினேன்.