உனக்கும் நானுக்கும்

ஏப்ரல் பதினேழு, வெள்ளிக்கிழமை மாலை, ஹார்லன் கிரீக் உயர்நிலைப் பள்ளி அரங்கில் ஊரே கூடியிருக்க ஒரு வேற்றுமைப் பிழை பாடப்பட்டது. என் குறை அவ்வளவுதான்.

அப்பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நாடக ஆசிரியை ஜெனீன் ப்ரூயிட் இவ்வாண்டு பழைய பிராட்வே இசை நாடகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மேடையோரம் அமர்ந்து, வசனம் மறப்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் பணியை நானே கேட்டுப் பெற்றேன். அந்நாடகத்தில் மணப்பெண் பண்ணை வீட்டின் மாடிப்படியில் இறங்கி வந்து, 'உனக்கும் நானுக்கும் நடுவிலே ஒரு நிலா' என்று பாடுகிறாள். 'எனக்கும்' என்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னேன்.

"மாத்த முடியாது மிஸ்டர் ஆர்கட். ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாதுன்னு உரிமை வெச்சிருக்கற கம்பெனி கையெழுத்து வாங்கியிருக்கு," என்றார் ப்ரூயிட். "இத்தனை வருஷமா இப்படித்தான் பாடறாங்க. நிலா ஒண்ணும் கீழ விழுந்துடலையே."

மணப்பெண்ணாக நடித்த கென்சி நல்ல பெண். அவளால் வர இயலாவிட்டால் நடிக்கப் பிரின் என்பவளைப் பழக்கியிருந்தார்கள். பிரின்னைத் தனியே கேட்டேன். 'எனக்கும்' என்றே பாடுவதாக வாக்களித்தாள். ஆகவே கென்சி பாடாதிருப்பதே முறை என்று தெளிந்தேன்.

நாடகக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையேறுபவரை வாழ்த்தக் கூடாது. வாழ்த்தினால் விளங்காது என்பர். அதற்குப் பதிலாகக் 'காலை ஒடி' என்பர். அன்று திரை உயருமுன் ப்ரூயிட் என் தோளைத் தட்டி, "காலை ஒடிங்க மிஸ்டர் ஆர்கட்," என்றார். வாக்கியத்தை ஆராய்ந்தேன். ஏவல் வினைமுற்று. எழுவாய் 'நீங்கள்', அதாவது நான். செயப்படுபொருள் கால். யாருடைய கால் என்பது கூறப்படவில்லை.

மூன்றாம் படியின் திருகாணிகள் எளிதில் வந்துவிட்டன.

கென்சியை ஆம்புலன்ஸில் ஏற்றிய பின் நாடகம் தொடர்ந்தது. பிரின் இறங்கி வந்து, 'நானுக்கும்' என்று பாடினாள்.

"வாய் தானா அப்படி வந்துடுச்சு மிஸ்டர் ஆர்கட்," என்றாள். "கார்ல அம்மாகூடப் பாடிப் பாடி ஊறிப்போச்சு. நாளைக்குச் சரியாப் பாடறேன்."

ஒரு முறை பொறுத்தால் பிழை வழக்காகிவிடும் என்பது என் அனுபவம். ப்ரூயிட் மூன்றாம் படியை ஆணியடித்து இறுக்கியிருந்தார். நான் இரண்டாம் படியைக் கவனித்தேன். சனிக்கிழமை நாடகம் பாதியில் நின்றது, பாடல் பாடப்படவில்லை, எனவே பிழையும் நேரவில்லை. அதை முன்னேற்றம் என்றே கருதினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. மணப்பெண்ணின் வசனம் முழுவதும் அறிந்தவர் என்னைத் தவிர வேறெவரும் இல்லை. மணப்பெண் உடையின் முதுகுப்பக்கம் எனக்குப் பொருந்தவில்லை, ஊக்குக் குத்தினார்கள். மாவுக்கட்டுடன் முன்வரிசைக்கு வந்திருந்த கென்சி, "உங்களுக்கும் சேர்த்து நானும் பிரின்னும் ஒடிச்சிட்டோம். தைரியமாப் போங்க," என்றாள்.

படிகளைச் சோதித்தபின் இறங்கினேன். 'உனக்கும் எனக்கும்' என்று தெளிவாகப் பாடினேன். கிழவனுக்கு வரி மறந்துவிட்டது என்று எண்ணிய அரங்கம், கனிவோடு, ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தது: 'நானுக்கும்'. கென்சியின் குரலே ஓங்கி ஒலித்தது. அவளை மன்னித்துவிட்டேன்.

மறுநாள் விசாரிக்க வந்த காவலர் டஸ்டின் என் பழைய மாணவன். 'படிகள் தாமே கழன்றன' என்று எழுதியிருந்தான். 'கழன்றன' என்பதில் செய்தவன் இல்லை. 'நான் கழற்றினேன்' என்று திருத்தச் சொன்னேன்.

"நீங்க இன்னும் திருத்தறத விடலையா மிஸ்டர் ஆர்கட்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். இரு படிகளையும் கழற்றியவன் நான். எழுவாய் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. பிழை மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை. இதைப் படிக்கும் நீங்களும் அந்த வரியை மனத்துள் ஒரு முறை பாடிப் பார்த்திருப்பீர்கள்; எப்படிப் பாடினீர்கள் என்பதை நான் அறிவேன். இப்போது 'உனக்கும் எனக்கும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் மாடிப்படி இருந்தால், அதில் இறங்குவதற்கு முன் சொல்லுங்கள்.