ரெண்டு வாளி சோளம்

நல்லாத் தட்டிப் பாருங்க டாக்டர். குதிரைக்கு முன்னங்கால் ரெண்டும்தான். குளம்பு கொதிக்குதுல்ல? பாரத்தையெல்லாம் பின்னாடி போட்டுட்டு, மரக்குதிரை மாதிரி நிக்குது பாவம்.

மூணு நாளாத்தான். இல்ல, உங்ககிட்ட எதுக்குப் பொய், அஞ்சு நாளாச்சு. நடந்தா சரியாகிடும்னு நானே இழுத்துட்டுப் போய் நாலு சுத்து நடக்க வச்சேன். அடிக்கு ஒரு தடவை நின்னு என்னையே பாத்துச்சு. தப்புத்தான். என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்.

லாடத்தைக் கழட்டிப் பாத்துட்டீங்கல்ல, ஆணி எங்கயும் சதையில படலையே? ம். காலைப் புடிச்சிட்டு குனிஞ்சிருக்காரே, இவரு அடிச்ச லாடம்தான் அது. என் தங்கச்சி வீட்டுக்காரர். பன்னண்டு வருஷமா இந்த லாயத்துக்கு இவருதான். ஆணி தப்பா இறங்கிடுச்சுன்னு முதலாளி முந்தாநாள் இனிமே வராதேன்னுட்டாரு. தங்கச்சி ஒரே அழுகை. நான்தான் போய் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு லாடம் கழட்ட ஆள் வேணும்னீங்களே, கூப்பிட்டதும் மறுபேச்சு பேசாம வந்துட்டாரு.

தீனியா? புல்லு, வைக்கோல். கொஞ்சம் சோளம்.

கொஞ்சம்னா... இது காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச நேரம் டாக்டர், விலா எலும்ப எண்ணிடலாம். முதலாளி விருந்தாளிங்களோட வந்தவரு, குதிரைத் தீனிய நீயே தின்னுடுறியான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு. அன்னிலேர்ந்து யாருக்கும் தெரியாம தினம் ரெண்டு வாளி போட்டேன். அரை வாளிதான் அளவு. பத்தே நாள்ல மினுமினுன்னு ஆயிடுச்சு. முதலாளியே முதுகுல தட்டிக் குடுத்தாரு. குதிரைய இல்ல, என்னை.

தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல முடியாது. சோளம் மிஞ்சினா குளம்பு சூடேறி வீங்கிடும்னு இவரே எனக்குச் சொல்லியிருக்காரு. லாடம் அடிச்ச அன்னிக்கும், குளம்பு லேசா சுடுதே, என்ன போடுறீங்க மச்சான்னு கேட்டாரு. அரை வாளிதான்னு மூஞ்சியப் பாத்தே சொன்னேன்.

காரணம் எழுதுற எடத்துல தீனின்னே எழுதுங்க டாக்டர். நீங்க எழுதினா முதலாளி நம்புவாரு. ஆணின்னு அவருகிட்டப் போய்ச் சொன்னது நான்தான்.

மாப்ள, போதும், காலைக் கீழ விடுங்க. இன்னொரு கால் தாங்காது அதுக்கு.