நான்கு நிமிடத்தில் தோற்றவர்கள்

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கார்டு கேம் கடை நடத்தும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களுடைய பங்குதாரர் சேகர் வரவில்லை. காலடியில் பிரிக்காத பெட்டிகள்.

“நாலு நிமிஷத்துல தோத்தவன் மறுபடி வருவானா?” என்றார் மனைவி. நான் கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

“வெள்ளிக்கெழம ஆட்டத்துக்குப் புது ஆளே இல்லன்னுதான கார்டெல்லாம் சேத்து வச்ச இந்த ரெடிமேட் டெக் எறக்குனோம்? பெட்டியப் பிரிச்சதும் விளையாடலாம்லா.”

“பன்னெண்டு புதுப் பசங்க வாங்கிட்டு வந்தாங்களே. அவங்களுக்குள்ள விளையாட விட்டிருக்கலாம்ல? சேகரோட பழைய ஆட்டக்காரக் கூட்டாளிங்கள எதுக்குங்க சேத்தீங்க? அவங்க அஞ்சு வருஷமா பொறுக்கிச் சேத்த கார்டோட உக்காந்தாங்க.”

“பழைய ஆளுங்க கோவிச்சுக்குவாங்கன்னு சேகர் சொன்னான்.”

“இந்த வாரம் பசங்க எத்தன பேர் வந்தாங்க?”

“யாரும் வரல.”

“ஜொகூர் பாரு சப்ளையர் இத திருப்பி எடுக்கலன்னா கடைய மூட வேண்டியதுதான்.”

ஆயர் ஈத்தாம் தாண்டியதும் கணவரின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. இரண்டு முறை படித்தார்.

“எடுக்க மாட்டானாம்.”

“மிச்சம் எத்தன?”

“இருபது பெட்டி. மூவாயிரம் வெள்ளி போட்டிருக்கோம்.”