சத்தத்தெ நிறுத்தாண்டாம்

இல்ல, ரேடியோ கெட்டுப் போனதொண்ணும் இல்ல. கேசட்டாக்கும். உள்ள முறியில ஓடுது. நிறுத்தணுமா? நிறுத்தாண்டாம், அது அங்கெ கெடந்து ஓடட்டும். கரண்டு இல்லேன்னா என்ன, பேட்டரி போட்டு வச்சிருக்கேன். காது கூசுதுன்னா நாற்காலியெ கொஞ்சம் இந்தப் பக்கமா இழுத்துப் போடுங்க. நம்ம ரெண்டு பேரும் ஏதாவது பேசட்டும்னு சொல்லித்தானெ உங்க அப்பாவும் தரகரு சிவதாணு மாமனும் இந்தச் சாய்ப்புக்கு அனுப்பி விட்டாவ? பெண்ணு பாக்க வந்தா என்ன பேசுவாவ, படிப்பு என்ன, பாட்டுப் பிடிக்குமா, சமையல் தெரியுமா. அதெல்லாம் தரகரே சொல்லியிருப்பாரு. நான் எனக்குச் சொல்ல உள்ளதெச் சொல்லுதேன். நீங்க சிப்ஸ் தின்னுட்டு கேட்டா மதி, அது போதும்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். இதெச் சொல்லப்பிடாதுன்னு விடிஞ்சதுல இருந்து அம்மை எனக்க காலப் பிடிக்காத கொறதான். எனக்க ரிசல்ட்டெ யூனிவர்சிட்டி நிறுத்தி வச்சிருக்கு. புராஜெக்ட்டெ காப்பியடிச்சேனாம். வாற புதன்கிழமை கமிட்டி. காப்பிதான்னு அவ்வொ முடிவு செய்தா மூணு வருஷம் நான் பரீட்சை எழுதப்பிடாது. பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயன்ஸ் முடிச்ச பெண்ணுன்னு உங்க வீட்டுல சொல்லியிருப்பாவ. முடிக்கல்ல. முடிக்க விட மாட்டேங்குதாவ.

ஏன் அந்தச் சத்தம் வாற பக்கத்தெயே பாத்துட்டு இருக்கிய? அதுதான் விஷயமாக்கும். அது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடியதுக்க சத்தம். பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கப்பட்ட ஆளுக்கு நான் விளக்கணுமா? விளக்கத்தான் செய்வேன். நான் கண்ட கம்ப்யூட்டர்காரங்க ஒருத்தருக்கும் இது தெரியல்ல.

எனக்க சுயம்பு மாமன் மஸ்கட்டுல இருந்தாரு. எண்பத்தஞ்சுல வரும்போ எல்லாவரும் டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டு வந்தாவ, இவரு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரெ கொண்டு வந்தாரு. சாப்பாட்டுத் தட்டு அளவுதான். ரப்பர்ல கீ. டிவியில வயரெச் சொருகணும், டேப் ரெக்கார்டர்ல இன்னொரு வயரு. ஹார்ட் டிஸ்க்கும் இல்ல, பிளாப்பியும் இல்ல. புரோகிராம் எல்லாம் கேசட்டுல சத்தமா இருக்கும். கேசட்டெ ஓட்டினா அது காதால கேட்டு எடுத்துக்கிடும். முதல்ல ஒரு நீளக் கூவல், பின்ன கரகரன்னு ஒரு பிராண்டல். டிவிக்க ஓரத்துல செவப்பும் நீலமுமா கோடு பாயும். நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போவே அந்தக் கூவலெ வச்சு சொல்லிருவேன், இது ஏறும், இது ஏறாது, வால்யூமெ ஒரு நூலு கூட்டுன்னு. அஞ்சு நிமிஷம் மூச்செப் பிடிச்சுட்டு இருக்கணும். யாராவது கதவெ அடிச்சுச் சாத்தினா டேப்பு ஒண்ணு நொண்டும், அவ்வளவுதான், மொதல்ல இருந்து.

தொண்ணூத்தாறுல துலாமாசத்து இடியில அது செத்துப் போச்சு. டிவியும் கூடவே போச்சு. அம்மை டிவிக்குத்தான் அழுதா.

அதெத் திரும்ப எழுப்பணும்னு எனக்கு ஒரு வாசி, ஒரு பிடிவாதம். புதுக் கம்ப்யூட்டருக்குள்ள அந்தப் பழைய கம்ப்யூட்டரெ உக்கார வைக்கியது. எமுலேட்டர்னு சொல்லுவாவ, உங்களுக்குத் தெரியாததா. தெரியும் இல்லியா? செரி. காலேஜுல இருக்கப்பட்ட மெஷீனெத் தொடவே விடமாட்டாவ, செருப்பெக் கழத்தி வெளியெ வச்சுட்டு சாமி கும்பிடுத மாதிரி பாத்துட்டு வரணும். அதுனால நெய்யாற்றின்கரையில பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்தாப்புல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல மணிக்கணக்குக்கு எடுத்து எழுதினேன். நான் உதியன்குளங்கரையில பஸ் ஏறி ஏழு மணிக்கே போயிருவேன். காலத்தெ லேடீஸ் பேட்ச். சாயங்காலம் ஜென்ட்ஸ் பேட்ச். ரெண்டு கூட்டமும் ஒருத்தரெ ஒருத்தர் கண்ணால காணப்பிடாதுன்னு அந்த முதலாளி அப்படி ஒரு ஏற்பாடு, அப்பம்தான் நாட்டுல உள்ள அம்மைமாரு பெண்ணுகள அனுப்புவாவன்னு. ஆனா மெஷீன் எல்லாம் ஒண்ணுதான். மல்டிமீடியா கார்டும் ஸ்பீக்கரும் உண்டுன்னுள்ளது மூணாம் நம்பர்ல மட்டும். காலத்தெ அதுல நான் இருப்பேன். சாயங்காலம் வேற ஆரோ இருப்பாவ. ஆருன்னு தெரியாது. நாற்காலி ஒவ்வொரு நாளும் உயரம் மாறிக் கெடக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

கேக்கியளா? தண்ணி வேணுமா? அந்தச் செம்புல இருக்கு, எடுத்துக் குடிங்க.

காலேஜுல சேந்த வருஷம் முழுக்க எழுதினேன். எழுதின பிறகு அது ஓடுது, ஆனா ஊமையா ஓடுது. அது எனக்கு ஆகாது. கேசட்டு ஏறியதும் தெரியாம, பிரிண்டர் அடிக்கியதும் தெரியாம, கீ அமுக்கினா டிக்குன்னு ஒரு அனக்கமும் இல்லாம, அது கம்ப்யூட்டரா, சொவத்துல ஒட்டின படமா? அதுனால சத்தம் ஓரோண்ணா பிடிச்சேன். பிரிண்டருக்குச் சென்டர்ல இருந்த டாட் மேட்ரிக்ஸ். டேப்புக்கு இந்த வீடு. வயரெச் சொருகி நேரா எடுக்கலாம்னா அதுக்கு வேண்டிய வயரு எனக்க கிட்ட இல்ல. அதுனால ரெண்டு டேப் ரெக்கார்டரெ முகத்துக்கு முகம் பாக்க வச்சேன். ஒண்ணு பாடும், மத்தது மைக்குல கேக்கும். ஜன்னலெச் சாத்தி, பேனெ நிறுத்தி, அம்மைகிட்ட ஒரு வார்த்தை பேசப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு எடுத்தேன். அந்தக் கேசட்டெத்தான் சென்டர்ல கொண்டு போய் மூணாம் நம்பர்ல ஏத்தினேன்.

கேலியாத் தெரியுதா? சிரிங்க, எனக்க கைடு சாரும் சிரிச்சாரு. புராஜெக்ட்டுக்கு இதெயே வைக்கேன்னு இந்த வருஷம் போய் நின்னேன். எடுத்த உடனே, கொச்சே, ஆ ஒச்ச ஒந்நு நிர்த்து. அந்தச் சத்தத்தெ நிறுத்துன்னு. அடுத்த முறியில பிரின்சிபால் இருக்காராம். நான் சொன்னேன், சாரே, சத்தம் இதுக்கு நகையும் பூவும் இல்ல, சத்தம்தான் இதுக்க சாப்பாடுன்னு. அவரு சொல்லுதாரு, ஒரு ரயில்வே ரிசர்வேஷன் புரோகிராம் செய்துட்டுப் போயேன், எல்லாப் பெண்ணுகளும் அதத்தானெ செய்யுதுன்னு. எல்லாப் பெண்ணுகளும் செய்யியதெ நான் எதுக்குச் செய்யணும்? நீங்க சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்லாண்டாம்.

வைவாவுக்கு எர்ணாகுளத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். நான் ஓட்டிக் காட்டினேன். ஸ்க்ரீன் வந்ததும் அவருக்க முகம் மாறிச்சு. இது ஞான் கண்டிட்டுண்டல்லோன்னாரு. போன வருஷம் திருவனந்தபுரத்துல வேறொரு காலேஜுல எம்.சி.ஏ படிச்ச ஒரு பையன் இதெயே வச்சானாம். மெனுவும் இதேதான், கலரும் இதேதான். முதல் ஸ்க்ரீன்ல பேரு மட்டும் வேற. அந்தப் பையனுக்கு முதல் மார்க். அந்த புராஜெக்ட்டெக் காட்டி வேலையும் கெடச்சுதாம்.

நான் நின்ன நெலையில நின்னேன். காப்பியடிச்சவளுக்க நிப்பு அப்படித்தான் இருக்குமாம், கைடு சார் பெறகு சொன்னாரு. அவன் போன வருஷம் வச்சான், நீ இந்த வருஷம் வைக்கிய, பின்ன யாரு யாரெப் பாத்து எழுதினதுன்னு கேக்காரு. எனக்க பிளாப்பியில தேதி இருக்கு சாரேன்னேன். தேதியெ ஆரும் மாத்தலாமேன்னாரு. அதும் செரிதான். எவனோ ஒருத்தன் சாயங்காலம் எனக்க நாற்காலியெ ஒசத்திப் போட்டு இருந்துட்டு, மெஷீனுல கெடந்த எனக்க புரோகிராமெ வாரி ஒரு பிளாப்பியில போட்டுட்டுப் போயிருக்கான். அதெச் சொன்னா, பெண்ணு இவ்வளவு பெரிய புரோகிராம் எழுதினாளா, பையன் எழுதினானான்னு அவ்வளவு பேரும் எனக்க மூஞ்சியெப் பாக்காவ. அந்தப் பார்வைக்கு என்ன தேதி காட்டியது?

சும்மா இருப்பனா? அந்தக் காலேஜுக்குப் போனேன். லேபுல சத்யபாமான்னு ஒரு அக்கா. நான் அங்கெ நின்னு கண்ணீரு விட்டதெக் கண்டுட்டு, இங்கெ இருந்து கேட்டுட்டுப் போ, வெளியெ மட்டும் கொண்டு போகப்பிடாதுன்னு அந்தப் பையன் குடுத்த பிளாப்பியெ எடுத்துப் போட்டுத் தந்தாவ. ஓட்டினேன். ஊமை. சத்தம் இல்ல. பெறகு ஓர்மை வந்தது, எஸ் கீயெ அமுக்கினா சத்தம் வரும்னு நான்தானெ வச்சேன். அவன் சத்தத்தெ அழிக்கல்ல, ஆஃப் மட்டும் செய்து வச்சிருந்தான். அமுக்கினேன். கூவிச்சு.

அந்தா, இப்பம் உள்ள ஓடியதெக் கேளுங்க. அந்தக் கரகரப்பு முடியப் போவுது. காதெ நல்லா வச்சுக் கேளுங்க. கேட்டுதா? கேட்டுதா இல்லியா? நான் சொல்லுதேன். அம்மைக்க கொரலாக்கும். எட்டி பிரசீதா, ஆடு மரச்சீனி எலையெத் தின்னுது, ஓடி வா. சத்தியம் வாங்கினேன் இல்லியா, ஆட்டெக் கண்டா அம்மைக்கு என்ன சத்தியம். மரச்சீனி எலை தின்னா ஆடு சாவும், அவ கூப்பிடத்தான் செய்வா. நான் அதெ வெட்டி எறியலாம்னுதான் இருந்தேன், டேப்பு ஏறி முடியப்பட்ட இடத்துல வந்ததுனால, செரி கெடக்கட்டும்னு விட்டேன். ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல. பேடிக்காண்டாம்.

அதே கொரல் அந்தப் பிளாப்பியில கேட்டுது. எனக்க பேரு சொல்லி. சத்யபாமா அக்காவே கேட்டுட்டு, யாருடீ பிரசீதான்னு கேட்டாவ. நான்தான் அக்கான்னேன். அந்த ஆளு ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருந்தா போயிருக்கும் எனக்க காரியம். கேக்கல்ல. சத்தம்னா அவனுக்கும் தொந்தரவு. கைடு சாருக்கும் தொந்தரவு. உங்களுக்கும், வந்த உடனே நிறுத்தலாமான்னு கேட்டிய.

கமிட்டியில இதெச் சொன்னா மதியே, ஏன் இங்கெ இருந்து பொலம்புதேன்னு நெனைக்கியளா? எனக்க தலையும் அங்கெதான் இடிக்குது. எனக்க கையில இருக்கியதெப் போட்டுக் காட்டினா, இந்தக் கொரலெ நீயே பெறகு சேத்துட்டேன்னு சொல்லுவாவ. அந்தப் பிளாப்பி வேணும். அது காலேஜுக்க அலமாரியில இருக்கு. குடுத்தவன் வந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டா மட்டும்தான் வெளியெ எடுப்பாவ. அது அவ்வொளுக்க சட்டம். திருடினவன் வந்தாத்தான் திருட்டுப் பொருளு வெளியெ வரும். இதெ எங்கெ போய்ச் சொல்ல?

எழும்பாதிங்க. இரிங்க. அம்மை டீ கொண்டு வருவா, எழும்பி நின்னா பெண்ணு பிடிக்கல்லன்னு நெனைப்பா. பாவம், நேத்து முழுக்க லட்டு உருட்டிட்டு இருந்தா.

பேரு இருந்துதான்னா? ஆமா, பிளாப்பிக்க அட்டையில பேரும் இருந்தது, காட்டாக்கடைன்னு ஊரும் இருந்தது. டைரக்டரியில தேடி அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தாவ. பையன் பெங்களூருலயாம். நீ யாருன்னு கேட்டாவ, பிரசீதான்னேன், வச்சுட்டாவ. பெண்ணு ஒருத்தி பையனெத் தேடிப் போன் செய்தா எந்த அம்மைதான் வைக்காம இருப்பா? சத்யபாமா அக்காகிட்ட விவரம் கேட்டு கம்பெனிக்குப் போன் செய்தேன், நான் கேட்டதெக் கேட்டுட்டு அந்தப் பையனே வச்சுட்டான். குரலு எனக்கு இப்பமும் ஓர்மை இருக்கு. பிரசீதாங்கிய பேரு இந்தப் பக்கத்துல நாலு வீட்டுக்கு ஒண்ணு உண்டு, அதுனால இந்த வீட்டுல காலெடுத்து வச்சப்பம் உங்களுக்கு ஒண்ணும் தோணியிருக்காது.

பெறவுதான் சிவதாணு மாமனெ நெனைச்சேன். இந்தத் தாலூக்காவுல அவருக்குத் தெரியாத பையன் உண்டா? அம்மைக்குத் தெரியாம அவரெக் கூப்பிட்டு, காட்டாக்கடையில இன்ன வீட்டுல ஜெயச்சந்திரன்னு ஒரு பையன் பெங்களூருல வேலை பாக்கான், புதன்கிழமைக்கு முன்ன பெண்ணு பாக்கக் கூட்டிட்டு வரணும்னு சொன்னது நானாக்கும். மாமன் சந்தோஷப்பட்டுட்டாரு, படிச்ச பிள்ளைக்குத் தானாத் தோணியிருக்கேன்னு. சாதகம் பொருந்தல்ல. அதெ உங்க அப்பாகிட்ட நாளைக்குச் சொன்னா மதின்னேன்.

முன்முறியில உங்க அப்பா கூப்பிடுதாரு. பெண்ணு பிடிச்சுதான்னு கேப்பாரு. எனக்கு அந்தப் பதிலு வேண்டாம். புதன்கிழமை கமிட்டிக்கு முன்ன அந்தக் காலேஜுல வந்து கையெழுத்துப் போடுதேன்னு, அத்தனெ பேருக்கும் முன்னால சொன்னா மதி. நீங்க சொல்லல்லன்னா நான் சொல்லுவேன், ஆனா நான் சொன்னா கொஞ்சம் நீளமா இருக்கும். அந்தத் தட்டெ இங்கெ தாங்க. நீங்க முன்ன நடங்க, நான் பின்னாலெ வாறேன்.